ஏழு நாள் கணக்கு

தமிழ் விழாக்களில் மேலைநாட்டுச் சமயத் தொண்டர்களைப் பற்றி இருவகைப் பேச்சுகளே வழக்கமாக ஒலிக்கின்றன. ஒன்று புகழ்ப் பேச்சு. சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழை அச்சேற்றினார், வீரமாமுனிவர் சதுரகராதி தந்தார், போப் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார், கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதினார் என்று பட்டியல் நீளும், கைதட்டலும் எழும். மற்றொன்று பழிப் பேச்சு. வந்தவர் அனைவரும் மதம் மாற்றவே வந்தனர், தமிழ் அவர்களுக்குத் தூண்டிலில் கோத்த புழுவே அன்றி வேறில்லை என்று அது முழங்கும். அதற்கும் கைதட்டல் உண்டு. கைதட்டியவர்களே இரண்டு பேச்சையும் ஒரே மண்டபத்தில் கேட்டு வீடு திரும்புவதும் உண்டு.

இவ்விரு பேச்சுக்கும் பகை இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் இவை உடன்பிறந்தவை. ஒன்று தொண்டரை அவர் எழுதிய நூல்களால் அளக்கிறது. மற்றொன்று அவர் சேர்த்த தலைகளால் அளக்கிறது. அந்த மனிதர் திங்கட்கிழமை என்ன செய்தார், செவ்வாய்க்கிழமை எந்தத் தெருவில் நடந்தார், புதன்கிழமை யாருடைய திண்ணையில் எந்த மொழியில் பேசினார், அவருடைய மனைவி அந்த நாட்களில் எங்கே இருந்தார் என்று இரண்டுமே கேட்பதில்லை. ஒரு மனிதன் பிறர் நடுவே சென்று தொண்டு செய்கிறேன் என்று சொல்வானாயின், அவனை அளக்கும் கோல் அவனுடைய வாழ்நாட் சாதனைப் பட்டியல் அன்று. அவனுடைய ஒரு வாரமே. பட்டியலில் எதையும் சேர்க்கலாம், எதையும் மறைக்கலாம். வாரத்தை மறைக்க இயலாது. அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இக்கேள்வியை எழுப்புவதற்குப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையைப்போல் பொருத்தமான இடம் மலேசியாவில் வேறில்லை. 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு எழுதிய மலை அது. நெடுங்காலம் அடர்வனமாகவே கிடந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை அமைந்தது. அதன்பின் அம்மலையில் இருவகை மனிதர் குடியேறினர். ஒருவகையார் குளிர்காற்றுக்காக ஏறியவர்கள். மற்றொரு வகையார் கூலிக்காக ஏற்றப்பட்டவர்கள். முன்னவர்க்கு அது ஓய்வு மலை. பின்னவர்க்கு அது வேலை மலை. முன்னவர் கண்ணில் பனிமூட்டம் அழகாய்ப்பட்டது. பின்னவர்க்கு அது விடியற்காலைப் பெரட்டில் நிற்கும்போது எலும்பைக் குடையும் ஈரம்.

கூலிக்காக ஏற்றப்பட்டவர்களில் தமிழர் பெருந்தொகையினர். சரிவில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளினார்கள், கவ்வாத்து வெட்டினார்கள், லயங்களில் பிள்ளை பெற்றார்கள், ஆயாக் கொட்டகையில் அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு மறுபடியும் சரிவேறினார்கள். மலையில் எழுந்த மாரியம்மன் கோயில்களுக்குக் கல் சுமந்தவர்களும் அவர்களே. தோட்டங்களில் பள்ளி வேண்டும் என்று 1920களில் தொழிலாளர் சட்டம் வற்புறுத்தியபின் நாடெங்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. கிராணியோ கங்காணியோ வேலை நேரம் போக மீந்த பொழுதில் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்த பள்ளிகளும் அவற்றுள் உண்டு. அந்த வரிசையில் வந்த பள்ளிகள் போ தோட்டத்திலும் புளூவேலித் தோட்டத்திலும் எழுந்தன.

குளிர்காற்றுக்காக ஏறியவர்களில் சமயத் தொண்டர்களும் இருந்தனர். அவர்களுடைய வரலாறு சுருக்கமாகவேனும் நேர்மையாகச் சொல்லப்பட வேண்டும். 1865இல் தோன்றிய சீன உள்நாட்டு மிஷன், 1949இல் சீனத்தில் ஆட்சி மாறியபின் சில ஆண்டுகளில் அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அப்போது மலாயாவில் அவசரகாலம். கம்யூனிஸ்டுகளுக்கு உதவி கிடைக்காமல் தடுக்கும் பொருட்டு ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள், பெரும்பாலோர் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். சீன மொழி அறிந்த அந்தத் தொண்டர்கள் பலர் அப்புதுக்கிராமங்களுக்குப் பணியாற்ற வந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்காக, 1881இல் சீனத்துச் சீஃபூ நகரில் தோன்றிய பள்ளியின் பெயரிலேயே ஓர் உறைவிடப் பள்ளி 1950களில் கேமரன் மலையில் அமைந்தது. அது 2001 வரை நடந்தது. களைத்தவர்கள் வந்து தங்குவதற்கு ஓய்வு இல்லமும் இருந்தது.

இதில் குற்றம் காண்பது எளிது, ஆனால் நியாயமன்று. ஆறேழு வயதுப் பிள்ளையை நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் விட்டுவிட்டுப் பெற்றோர் வேற்று நாட்டுச் சிற்றூருக்குத் திரும்புவது சிறிய விலை அன்று. அந்த விலையைக் கொடுத்தவர்களை எள்ளுவோர் முதலில் தம் பிள்ளையைத் தோட்டப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்து எள்ளட்டும். கேள்வி வேறு. தேயிலைச் சரிவின் ஒருபுறம் தொண்டர் பிள்ளைகளின் பள்ளி. மறுபுறம் கொழுந்து கிள்ளுவோர் பிள்ளைகளின் பள்ளி. இரண்டுக்கும் இடையே ஒரு மொழி இருந்ததா என்பதே கேள்வி. சீனம் பேசக் கற்றவர்கள் சீனர்க்குப் பணிசெய்தார்கள், அது முறையே. ஆனால் ஓய்வுக்கு வந்த இடம் என்பதனாலேயே ஒரு மலையின் மக்கள், வந்தவர் கண்ணுக்குக் காட்சிப் பொருளாகிவிடுகிறார்கள். ஓய்வுநாளின் மனிதன் அண்டை வீட்டாரின் மொழியைக் கற்பதில்லை.

மலையேறி இளைப்பாறும் இவ்வழக்கம் கேமரனில் தொடங்கியதன்று. தமிழகத்துக் கொடைக்கானலே அதற்கு முன்னோடி. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மனைவியரையும் மக்களையும் இழந்த மதுரை அமெரிக்க மிஷன் தொண்டர்கள் 1845இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினர். 1901இல் தொண்டர் பிள்ளைகளுக்கென அங்கும் ஒரு பள்ளி எழுந்தது. நீலகிரியிலும் அப்படியே, சாயர்புரத்தில் தமிழ் மாணவர்க்குக் கல்லூரி கண்ட போப்பே பின்னாளில் உதகையில் ஐரோப்பியச் சிறுவர்க்குப் பள்ளி நடத்தினார். ஆகவே மலை என்பது தொண்டர் வாழ்வில் ஏழாம் நாள். அந்த ஏழாம் நாளைக் கொண்டு அவர்களை மதிப்பிடலாகாது. மற்ற ஆறு நாளும் எங்கே கழிந்தன என்று பார்க்க வேண்டும். அதற்குத் தகுந்த சான்று, கொடைக்கானல் மலையில் உயிர்நீத்த ஒருவரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் கால்டுவெல் கொடைக்கானலில் காலமானார். ஆனால் அவர் அங்கே புதைக்கப்படவில்லை. உடல் மலையிறங்கியது, சமவெளியைக் கடந்தது, நெல்லைச் சீமையின் தேரி மணலில் இருக்கும் இடையன்குடிக்குச் சென்றது. அவர் எழுப்பிய கோயிலுக்குள்ளேயே அடக்கம் நிகழ்ந்தது. உயிர் பிரிந்தது மலையில். உடல் தேடிச் சென்றது தன் ஆறு நாட்களை. எந்த நூற்பட்டியலும் சொல்லாத செய்தியை அந்தப் பயணம் சொல்கிறது.

1838இல் சென்னையில் இறங்கிய கால்டுவெல், 1841இல் நெடுந்தொலைவு நடந்தே நெல்லைப் பகுதியை அடைந்தார். 1844இல் எலைசாவை மணந்தார். இருவரும் இடையன்குடியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு வாழ்ந்தனர். பனையேறிகளின் ஊர் அது, மணற்காடு, தண்ணீருக்குத் தவிப்பு. அவ்வூரின் தெருக்கள் ஒழுங்காக வகுக்கப்பட்டன; கிணறுகள் தோண்டப்பட்டன; பள்ளிகள் நடந்தன. கோயிலுக்கு 1847இல் தொடங்கிய பணி 1880இல்தான் நிறைவுற்றது. முப்பத்து மூன்று ஆண்டு! ஒரு கட்டடம் முடிய முப்பத்து மூன்று ஆண்டு காத்திருப்பவன் விருந்தினன் அல்லன். ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தபோது அவர் விடுப்பில் இங்கிலாந்தில் இருந்தார் என்பது மெய்யே. ஆயினும் அந்நூலுக்கு வேண்டிய தமிழ்க் காதை அவருக்குக் கொடுத்தது இங்கிலாந்தன்று, இடையன்குடியின் வாரங்கள்.

இவ்வாறு சொல்வதனால் அவர் குறைகளை மூடவேண்டுவதில்லை. தாம் யாருடைய நடுவில் வாழ்ந்தாரோ அம்மக்களைப் பற்றியே 1849இல் அவர் எழுதிய சிறுநூல், அவர்களை இழிவாகச் சித்திரித்தது. மேனாட்டு வாசகர்க்கு எழுதும்போது அண்டை வீட்டார் ஆராய்ச்சிப் பொருளாகிவிடும் நோய் அவரையும் பற்றியது. அச்சமூகத்தார் அதனை மறக்கவில்லை, எதிர்த்து எழுந்தார்கள். சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் அவ்வெதிர்ப்பில் முன்னின்றவர். வெள்ளையர் தலைமையை உதறித் தனிச்சபையே கண்டார். இதிலும் ஒரு படிப்பினை உண்டு. வாரமெல்லாம் உடனிருந்தவனே ஆயினும், தொலைவிலிருப்பவர்க்கு எழுதும் மடலில் உடனிருப்பவரை விற்றுவிடலாம். தொண்டரின் வாரத்தை எடைபோடுகிறவர்கள் அவருடைய மடலையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இனி, தமிழ்ப் பாடநூல்களும் தேர்வுத்தாள்களும் இழைத்துவரும் ஒரு பெரும் அநீதியைச் சொல்ல வேண்டும். ஒப்பிலக்கணம் எழுதியவர் யார் என்று கேட்டால் மாணவன் உறக்கத்திலும் விடை சொல்வான். எலைசா யார் என்று கேட்டால் ஆசிரியரே திகைப்பார். நாகர்கோவிலில் தொண்டாற்றிய சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் இணையரின் மகள் அவர். தமிழைக் கேட்டு வளர்ந்தவர். தாய் மார்த்தா 1820களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு ரேந்தைப் பின்னல் கற்பித்தார். அந்த ஊசியால் ஈட்டிய பணத்தைக் கொண்டு அடிமைத்தளையில் இருந்த பெண்கள் தம்மையே விலைகொடுத்து மீட்டுக்கொண்டார்கள். அந்தக் கைத்தொழிலை எலைசா இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பெண்களுக்கு உறைவிடப் பள்ளி நடத்தினார். தேரிக்காட்டுப் பெண்ணின் கையில் எழுத்தும் காசும் ஒருங்கே வந்து சேர்ந்தன.

கணவர் ஊர் ஊராகச் சென்றபோது அந்தப் பள்ளியில் காலை மணி யார் அடித்தது? அரிசி அளந்தது யார்? காய்ச்சலில் கிடந்த சிறுமியின் தலைமாட்டில் விளக்கேற்றியது யார்? வரலாறு இவற்றுக்குத் தனித்தனியே சான்று எழுதி வைப்பதில்லை. ஆனால் உறைவிடப் பள்ளி நடத்திய எந்த ஆசிரியைக்கும் விடை தெரியும். நூல் எழுத ஒருவர்க்கு நாள் கிடைத்ததென்றால், அந்த நாளை மற்றொருவர் சுமந்திருக்கிறார் என்பதே அதன் பொருள். சுமந்தவரை விட்டுவிட்டு எழுதியவரை மட்டும் தூக்கிப் பிடிக்கும் பாடம் அரைப்பாடம். தமிழ் மாணவியர் பெரும்பான்மையாக அமர்ந்திருக்கும் வகுப்பில் அந்த அரைப்பாடத்தை நடத்துவது அவர்களுக்கும் இழைக்கும் தீங்கு.

மலேசிய மண்ணிலேயே இதற்கு ஒப்பான சான்று இல்லாமற் போகவில்லை. பேராக் மாநிலத்துப் பாகான் செராயில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிஸ் அயல்நாட்டு மிஷனைச் சேர்ந்த ரெனே ஃபே என்னும் பாதிரியார் தமிழ்க் கத்தோலிக்கர்க்காக ஒரு குடியிருப்பை உருவாக்கினார். அதற்குச் சூசைப்பாளையம் என்று பெயர். ஃபே பின்னர் மலாக்கா ஆயரானார். தோட்ட லயத்தில் ஒதுங்கி வாழ்வோர்க்கு மறுமை வீட்டை மட்டும் காட்டிவிட்டு அவர் போய்விடவில்லை. இம்மையில் கால் ஊன்ற ஒரு நிலத்தையும் தேடினார். லயம் துரையுடையது, வேலை போனால் கூரையும் போகும். சொந்த மண் அப்படியன்று. இவ்வேறுபாட்டை உணர்வதற்குச் சமய நூலறிவு போதாது. தொழிலாளியின் வாரத்தைக் கண்டிருக்க வேண்டும்.

இதற்கு மறுப்பு வரும். என்ன செய்தாலும் அவர்கள் நோக்கம் மதமாற்றமே அன்றோ என்பர். நோக்கம் அதுவே, அவர்கள் அதை ஒளித்ததில்லை. ஆனால் அந்நோக்கத்தோடு வந்து, மக்கள் மொழியைக் கல்லாமலே திரும்பியவர்களும் உண்டு. அதே நோக்கத்தோடு வந்து, மக்களோடு மக்களாய் மண்ணானவர்களும் உண்டு. நோக்கம் ஒன்றாயிருக்க, வாழ்க்கை இரண்டாய்ப் பிரிவதேன்? அந்தப் பிரிவை விளக்காத விமரிசனம் சோம்பேறி விமரிசனம். ஒரு சொல்லை எறிந்துவிட்டுச் சிந்தனையிலிருந்து தப்பிக்கும் வழி அது. மற்றொரு மறுப்பும் உண்டு: நூல்தானே நிலைக்கிறது, வாரங்கள் மறைந்துவிடுகின்றனவே என்பர். நிலைப்பது எது என்பதைத் தமிழ்த்துறைகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. எழுத்தறிந்த பாட்டி தன் பேத்திக்கு எழுத்தறிவித்த ஊரில், நிலைத்த நூல்கள் பல நடமாடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு அட்டை இல்லை, அவ்வளவே.

இதுவரை பிறரை நிறுத்த தராசில் இப்போது தமிழறிந்தாரும் ஏறவேண்டும். மேடையில் தொண்டரைப் புகழ்வோரும் பழிப்போரும் பெரும்பாலும் தமிழாசிரியர்கள், தமிழ் மாணவர்கள், தமிழ் எழுத்தாளர்கள். அவர்களுக்கும் கேமரன் மலைக்கும் உள்ள உறவு என்ன? பள்ளி விடுமுறையில் பேருந்து ஏறுகிறது. தேயிலைப் புதர் நடுவே குழுப்படம் எடுக்கப்படுகிறது. தானா ராத்தாவில் தோசையும், தொழிற்சாலைக் கடையில் தேநீரும், சந்தையில் முட்டைக்கோசும் ஆனபின் பேருந்து இறங்குகிறது. அடுத்த மாதம் கூடை சுமந்த பெண்ணின் கண்ணீர் குறித்து ஒரு கவிதை அச்சாகிறது. அந்தப் பெண்ணோடு கவிஞர் ஒரு சொல்லேனும் பேசினாரா? அவள் பெயர் என்ன என்று கேட்டாரா? மேனாட்டுத் தொண்டர் மலையில் ஏழாம் நாளை மட்டும் கழித்தார் என்று குறைசொல்வோர், அதே மலையில் அரை நாளைக் கழித்துவிட்டு அரைப்பக்கக் கவிதை எழுதலாமா?

மலைத்தோட்டப் பள்ளிக்கு நியமனம் பெறுவதைத் தண்டனையாகக் கருதி, பெட்டியைத் திறக்குமுன்பே மாற்றல் விண்ணப்பம் எழுதுவோர் உண்டு. வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் மலையிறங்கி, திங்கட்கிழமை விடியலில் மூச்சிரைக்க ஏறிவருவோரும் உண்டு. குடும்பம், பிள்ளைகள் படிப்பு, வீட்டு வாடகை என்று அவர்களுக்கும் காரணங்கள் உண்டு, அவை பொய்யல்ல. ஆனால் தொண்டர்க்கும் அதே காரணங்கள் இருந்தன, பிள்ளைகள் இருந்தனர், காய்ச்சலும் இருந்தது. மலையிலேயே குடியிருந்து, மாலையில் லயத்து வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப் படிக்கவைத்த தமிழாசிரியர் இணையரும் இந்நாட்டில் இருந்திருக்கின்றனர், இன்றும் இருக்கின்றனர். கணவர் தலைமையாசிரியராகவும் மனைவி அதே பள்ளியில் ஆசிரியையாகவும் ஒரே தோட்டத்தில் பணிக்காலத்தைக் கழித்த அவர்களைப் பற்றி எந்த மலரில் கட்டுரை வந்தது? போப்பின் பிறந்தநாள் அறிந்தவர்க்கு அடுத்த தோட்டத்து ஆசிரியையின் பெயர் தெரியாமலிருப்பது தமிழ்ப்பற்று ஆகாது.

காலமும் காத்திருக்கவில்லை. நாடு விடுதலை பெற்ற 1957இல் எண்ணூறுக்கும் மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூறுக்குச் சற்றே மேலான எண்ணிக்கையில் நிற்கின்றன. கேமரன் மலைத் தோட்டங்களில் பல தமிழ்க் குடும்பங்கள் நகரங்களை நோக்கி இறங்கிவிட்டன. கொழுந்தை இன்று பெரும்பாலும் கத்தரியும் எந்திரமும் அறுக்கின்றன. அவற்றைப் பிடித்திருக்கும் கைகளில் வங்காளதேசத்தாருடையவையும் நேப்பாளத்தாருடையவையும் இந்தோனேசியருடையவையும் மிகுதி. கையால் கிள்ளிய தலைமுறையின் தமிழ், அதன் தொழிற்சொற்கள், தாலாட்டு, ஒப்பாரி, வழிபாட்டு முறை யாவும் முதியோர் சிலர் நாவில் மட்டும் தங்கியிருக்கின்றன. அவர்கள் மறைந்தால் அவை மறையும். தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு சிறுபிள்ளைகளோடு மணலில் அமர்ந்து எழுத்துப் பழகினார் என்று வகுப்பில் வியந்து சொல்லும் ஆசிரியர், மலையில் வாழும் ஒரு முதியவளின் எதிரே குறிப்பேட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்தால் என்ன குறைந்துவிடும்?

அதனினும் கடுமையான கேள்வி ஒன்று உண்டு. இன்று அச்சரிவில் நிற்கும் நேப்பாளத் தொழிலாளி, 1929இல் அதே சரிவில் நின்ற தமிழனே அல்லனா? அவனும் கடனோடு வந்தவன். அவனுக்கும் ஊரில் பிள்ளைகள். அவன் மொழியும் மேற்பார்வையாளர்க்குப் புரியாது. அன்று தமிழன் மொழியைத் துரை கற்கவில்லை என்று குமுறும் தமிழர், இன்று அவன் மொழியில் நலமா என்று கேட்கும் அளவுக்கேனும் ஒரு சொல்லைக் கற்றிருக்கின்றனரா? யாதும் ஊரே என்று பள்ளிச் சுவரில் எழுதிவிட்டு, வேலிக்கு அப்பால் இருப்பவனை ஏறிட்டும் பாராமல் போகும் கல்வி எந்தத் தமிழ்க் கல்வி? மேனாட்டுத் தொண்டரின் சிறப்பு எதுவாயினும் அது அயலாரின் மொழியைக் கற்றதில் தொடங்கியது. அவர்களைப் புகழும் தகுதியும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே வேண்டுவன பெரிய திட்டங்கள் அல்ல. கால்டுவெல் பாடம் நடக்கும் வகுப்பில் எலைசாவின் பாடமும் நடக்கட்டும். 1849ஆம் ஆண்டுச் சிறுநூலின் குறையும், அதை எதிர்த்தவரின் பெயரும் அதே மூச்சில் சொல்லப்படட்டும். மலைக்குச் சுற்றுலா செல்லும் தமிழ்க் கழகங்கள் அரை நாளைக் கூட்டி இரண்டு நாளாக்கி, தோட்டத்துப் பெரியவர்களின் சொற்களையும் பாடல்களையும் பதிவு செய்து வரட்டும். தோட்டப் பள்ளியில் பணிக்காலம் முழுதும் உழைத்த ஆசிரிய இணையர்க்கு மலர்களில் இடம் ஒதுக்கப்படட்டும். இவற்றுக்கு மானியம் வேண்டாம், மண்டபம் வேண்டாம், வாரத்தில் ஒரு பொழுது வேண்டும்.

தொண்டு என்னும் சொல்லுக்குத் தமிழில் பழமை என்றும் ஒரு பொருள் உண்டு. நாட்பட்டது எதுவோ அதுவே தொண்டு என்று கொண்டாலும் பிழையில்லை. ஒரு நாள் வருகை விருந்து. ஒரு வார வருகை சுற்றுலா. வாரத்தின்மேல் வாரம் அடுக்கி ஒரே மக்களோடு வாழ்ந்து முடிப்பதே தொண்டு. இடையன்குடிக் கோயில் முப்பத்து மூன்று ஆண்டில் எழுந்தது அப்படித்தான். நாள்தோறும் ஏறியிறங்கியதால்தான் கொழுந்துக்காரியின் பாதை மலைச்சரிவில் தேய்ந்து விழுந்தது. மேடையில் நின்று அவ்விரண்டையும் வியப்பவர், வீடு திரும்பியதும் தம் ஏழு நாளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.